பத்து நிமிடம் ஆடியவரின் சட்டை

கோப்பெர் துறைமுகம், ஸ்லோவேனியா
24-5-2004

அன்புத் தங்கை கார்குழலிக்கு,

ஜெய்பீம். நலம். இங்கே கிரேன்கள் பழுதாகிக்கொண்டே இருப்பதால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்தேன். வ்லாடோ தெர்சேக் என்று இந்த ஊர் ஃபார்வர்டு. சிமெண்ட் ஆலை அணியில் தொடங்கி, ஆஸ்திரியா, பெல்ஜியம் என்று போய், நாட்டு அணிக்கும் ஆடியவர். போன உலகக் கோப்பையில் இவர்கள் மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள். ஒன்றில் கடைசிப் பத்து நிமிடம் இவரை இறக்கினார்கள். நேற்று அவருக்கு வழியனுப்பு ஆட்டம். பாதியில் அவரை வெளியே அழைத்தபோது மைதானமே எழுந்து நின்றது. பேண்டு வாத்தியம் வேறு. நான் அழுதுவிட்டேன். ஆட்டக்காரர்களை மதிக்கத் தெரிந்த ஜனங்கள், குழலி!

உன் அண்ணன்,
நிலவன்

வியாசர்பாடி
8-6-2004

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். அம்மாவுக்கு வலி தேவலை. தண்ணீர் லாரிக்குப் பின்னால் அவள் ஓடுவதைப் பார்த்தால் எனக்குத்தான் முழங்கால் வலிக்கிறது.

தெர்சேக்குக்காக நீ அழுததைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. அன்று மாலையே, என்னைப் பெண் கேட்டிருக்கும் எண்ணூர் குணசேகரன் வீட்டாருக்கு நீ ஃபோனில் கொடுத்த வாக்கை அம்மா சொன்னாள். "டவுசர் போட்டுகினு ஓடுற பொண்ணு நம்ம வூட்டுக்கு சரிப்படாது" என்று அவர் அம்மா சொன்னாராம். "அதுக்கின்னா, கல்யாணம்னா நிறுத்திடுவா" என்றாயாம்.

கால் என்னுடையது. நீ எப்படி வாக்குக் கொடுத்தாய்? நீ ஆடிய காலத்தில் பந்தை விட்டுவிட்டு ஆளை உதைத்தவன். உன்னை நிறுத்தச் சொல்லி எதிரணிதான் கேட்டது. வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நிச்சயம் ஜூலை பதினொன்று, ஞாயிறாம். பெரம்பூரில் மாநில அணித் தேர்வும் அன்றுதான். நாம் நாள் நட்சத்திரம் பார்க்காத குடும்பம். எல்லா நாளும் நல்ல நாளே என்று தெருமுனையில் மைக் பிடித்துப் பேசியவன் நீ. அந்த ஒரு ஞாயிறுதான் உனக்குக் கிடைத்ததா?

தோற்ற அணியில் பத்து நிமிடம் ஆடியவருக்குப் பேண்டு. போன வருடம் மாநிலத்துக்காக நான்கு கோல் போட்டவளுக்குத் தாம்பூலத் தட்டு. எனக்கு இருபத்திரண்டு. தெர்சேக்குக்கு என்ன வயது?

குழலி

கோப்பெர்
19-6-2004

அன்புத் தங்கைக்கு,

தெர்சேக்குக்கு முப்பத்து நான்கு. அவர் கதை வேறு.

கோபப்படாதே. குணசேகரனுக்கு நிரந்தர வேலை. குடிப்பழக்கம் இல்லை. போட்டோவில் முகமும் நல்ல முகம். அந்த ஞாயிறு அவர்கள் வசதிக்குக் குறித்தது. நமக்குத்தான் எல்லா நாளும் ஒன்றாயிற்றே என்று ஒப்புக்கொண்டேன்.

உன் ஆட்டத்தை நான் மதிக்கவில்லை என்று மட்டும் எண்ணாதே. தெர்சேக் கையெழுத்திட்ட அவருடைய ஒன்பதாம் எண் சட்டையை, கண்ணாடிச் சட்டகம் போட்டு, லீவில் ஊருக்கு வரும் யேசுதாஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கல்யாணப் பரிசு. உன் மாமியார் வீட்டு ஹாலில் மாட்டிவை. வருகிறவர்கள் கேட்டால், ஒரு காலத்தில் நானும் ஆடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நிலவன்

வியாசர்பாடி
18-7-2004

அண்ணனுக்கு,

சட்டகம் உடையாமல் வந்து சேர்ந்தது. யேசுதாஸ் அண்ணன் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார்.

பதினொன்றாம் தேதி காலை சட்டகத்தின் ஆணியைக் கழற்றிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பெரம்பூர் போனேன். எனக்கு அது முழங்கால் வரை வருகிறது. டவுசர் தெரியவில்லை என்பதில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

எண்ணூர்க்காரர்கள் வேன் வைத்து வந்தார்களாம். "பொண்ணு மேட்சு ஆடிகினு கீது. குந்துங்க, காபி குடிங்க, வந்துடும்" என்றாளாம் அம்மா. "இன்னாம்மா இது, பேஜாரா கீது! பொண்ணு ஆட்டத்த நிறுத்திடும்னு உங்க புள்ள சொன்னாரே?" என்று மாப்பிள்ளையின் அம்மா எகிறியிருக்கிறார். "அப்போ அவனையே கட்டிகினு போங்க" என்றாளாம் நம் அம்மா. காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். குணசேகரன் மட்டும் வேனில் ஏறும்போது, "ஸ்கோர் இன்னாங்க?" என்று கேட்டாராம்.

என்னை ரிசர்வில் எடுத்திருக்கிறார்கள். உன் தெர்சேக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வியர்வையில் அழிந்துவிட்டது. இனி அது என் சட்டை.

சட்டகம் வீணாகவில்லை. டிவி மேல் கிடந்த மாப்பிள்ளை போட்டோவை அதில் மாட்டி எண்ணூருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். மாலை போடவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

உன் போட்டோ ஒன்றும் அலமாரியில் இருக்கிறது. அதற்கும் சட்டகம் வாங்குவதா என்பதை நீ எழுதப்போகும் பதிலைப் பார்த்துத் தீர்மானிப்பேன்.

கார்குழலி
ஃபார்வர்டு