கவாத்து மலைக்குள் போன பந்து

நேற்றுக் காலை தானா ராத்தா டவுனிலிருந்து பஸ்ஸில் வரும்போது நம் தோட்டத்து வளைவில் கவாத்து வாசனை அடித்தது. முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் வருமே, பச்சைக் கட்டையும் ஈரமண்ணும் கலந்த வாசனை, அதுதான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிரைத் திட்டினார்கள். நான் உன்னைத் திட்டினேன். நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை. செத்துப் போனவன்மேல் பொறாமைப்படுகிறவனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

நம் திடல் உனக்கு நினைவிருக்கும். மலையைச் செதுக்கி எடுத்த இடம். ஒரு பக்கம் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், மறு பக்கம் வேலியே இல்லாத சரிவு, அதற்குக் கீழே தேயிலை. பந்தைச் சரிவில் விட்டவனே இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது எழுபதுகளில் நாமே போட்ட சட்டம். மற்றவர்கள் முனகிக்கொண்டே இறங்குவோம். நீ மட்டும் பந்து உருளும்போதே அதன் பின்னால் பாய்ந்துவிடுவாய், ஏதோ கோல் அடிக்கப் போகிறவன் மாதிரி. அப்போதே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. கோலாலம்பூர் குழு ஒன்றுக்கு ஆள் தேடி இரண்டு பேர் தானா ராத்தா திடலுக்கு வந்திருந்தார்கள். அன்றைக்கு விழுந்த இரண்டு கோலும் நான் போட்டவை. அவர்கள் பேர் கேட்டது உன்னிடம். பக்கத்தில் நின்ற நம் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அவர்கள் பேசிக்கொண்டதை என்னிடம் வந்து அப்படியே சொன்னார்: "நீ கோல் போட்டதும் நின்னுட்டியாம். விசில் ஊதுன பொறவும் அவன் ஓடிக்கிட்டிருந்தானாம்." அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

சில வருடங்களில் உன் பெரிய ஒப்பந்தம் பத்திரிகையில் வந்தது. கையில் பேனா, கழுத்தில் டை, முகத்தில் அந்த அசட்டுச் சிரிப்பு. நான் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே சாயாக்கடையில் ஒரு வசனத்தைத் தொடங்கி வைத்தேன். "கையெழுத்துப் போட்டாச்சுலா, இனிமே அவன் காலு ஓடாது பாரு." எல்லோரும் சிரித்தார்கள். அதைச் சொல்லச் சொல்ல எனக்கு ஆறுதலாக இருந்தது. உனக்குக் காசு, எனக்கு ஆட்டத்தின்மேல் ஆசை என்று நானே பாகம் பிரித்துவிட்டேன். நீ ஆசையை இழந்தால்தான் அந்தக் கணக்கு சரியாகும்.

அடுத்த தீபாவளிக்கு நீ காரில் வந்தாய். மேல்லயத்துக்கும் கீழ்லயத்துக்கும் வழக்கமாக நடக்கும் ஆட்டம். நீ காலில் போட்டு ஆடும் சப்பாத்தைக்கூடக் கொண்டு வரவில்லை.

"ஒப்பந்தத்துல போட்டிருக்கு மாப்ள. வெளி மேட்ச் ஒண்ணும் ஆடக்கூடாதாம்" என்றாய்.

"அப்போ காலையும் சேத்து வித்துட்டேன்னு சொல்லு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

நீ சிரித்தாய். "ஆடத்தான் கூடாது. பந்து எடுக்கக் கூடாதுன்னு ஒண்ணும் எழுதல. இன்னிக்கு யாரும் எறங்க வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று கால்சட்டையை மடித்துக்கொண்டு சரிவின் ஓரத்தில் போய் நின்றாய்.

முதல் பந்து தானாகப் போனது. அதை நம்பு. நீ ஓடி இறங்கியதைப் பார்த்தேன். காரில் வந்தவன், பத்திரிகையில் வந்தவன், பத்து வயதில் பாய்ந்த மாதிரியே பாய்ந்தாய். என் பாகப்பிரிவினை அங்கேயே கிழிந்து போனது. காசும் உன்னிடம், ஆசையும் உன்னிடம் என்றால் எனக்கு என்னதான் மிச்சம்?

அடுத்த பந்தை நான்தான் அடித்தேன், வேண்டுமென்றே. அதற்கடுத்ததையும். சரிவின் வலப்பக்கம் கவாத்து முடித்த தேயிலை மலை. வெட்டிய கிளைகள் ஈட்டி முனை மாதிரி நிற்கும், மழையில் மண் வழுக்கும். அந்தப் பக்கம் பார்த்துத்தான் உதைத்தேன். உன் கால் எவ்வளவு பெறும் என்று தெரிந்தேதான் உதைத்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ முறை நீ ஏறி வந்தபோது முழங்காலுக்குக் கீழே கால்சட்டை நனைந்து சிவந்திருந்தது. நீ கைக்குட்டையால் கட்டிக்கொண்டு மறுபடி ஓரத்தில் போய் நின்றாய்.

தையல் போட்ட காலோடு கோலாலம்பூர் திரும்பியவன் சில ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தாய். வீட்டுப் படியில் வழுக்கியதாகக் குழுவிடம் சொன்னாயாம். "பெரிய ஒப்பந்தம் கிடைத்ததும் வேகம் குறைந்துவிட்டது" என்று பத்திரிகை எழுதியது. அதைச் சாயாக்கடையில் உரக்க வாசித்துக் காட்டியது யார் என்று நினைக்கிறாய்? நான்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு உன்னைக் குளிப்பாட்டும்போது உன் கால்மாட்டில் நின்றேன். அந்த வடு விரல் நீளத்துக்கு அப்படியே இருந்தது. நான் அதைத் தொட்டதைப் பார்த்துவிட்டு உன் மனைவி அழுகையோடு சொன்னாள்: "ஊர்ல தீபாவளி ஆட்டத்துல பந்து எடுக்கப் போயி பட்டதுண்ணே. ஸ்டேடியத்துல போட்ட கோலையெல்லாம் மறந்துட்டாரு. இந்தக் கதைய மட்டும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. அன்னிக்கு மாதிரி சந்தோஷமா ஆடுனதே இல்லையாம்."

அந்த இடத்திலும், உன் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதும், எனக்கு வந்தது பொறாமைதான். கெடுதல் செய்யப் போய் உனக்குச் சந்தோஷத்தை அல்லவா கொடுத்திருக்கிறேன்.

அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. நீயும் சொன்னதில்லை என்று தெரிந்தது. ஆனால் உனக்குத் தெரியும். காலைக் கட்டிக்கொண்டு வந்து பந்தை என் காலடியில் வைத்தாயே, அப்போது மூச்சு வாங்கிக்கொண்டே என் காதோரம் சொன்னாய்: "பந்து தானா போகலன்னு தெரியும் மாப்ள. பரவால்ல. இன்னொண்ணு அடி."

கண்கள் மின்ன ஓரத்தில் போய்த் தயாராக நின்றாய். நான் பந்தைத் திடலின் நடுவுக்கு உதைத்தேன். ஆட்டம் முடியும்வரை அதைச் சரிவின் பக்கமே போக விடவில்லை. நல்ல புத்தி வந்து அல்ல. நீ இன்னொன்று கேட்டதால்.

விசில் ஊதிய பிறகும் நீ அங்கேயே நின்றுகொண்டிருந்தாய். நேற்று பஸ் அந்த வளைவைத் தாண்டும்போதும் என் கண்ணுக்கு நீ அங்கேதான் நின்றாய்.