வரைபடத்தில் இல்லாத காற்று

மார்ச் 4

கணினி மாடல் ஒருவழியாக வழிக்கு வருகிறது. சுரங்கத்தில் பன்னிரண்டு சென்சார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களில் காற்று எப்படி இருக்கும் என்று அதுதான் சொல்ல வேண்டும். நான் போட்டிருக்கும் கட்டளை இரண்டு: சென்சார் சொல்வதைக் கேள், உள்ளே போன காற்று அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும் என்ற இயற்பியல் விதியை மீறாதே. பதினொன்று சமர்த்தாக இருக்கின்றன. ஏழாம் நம்பர் மட்டும் அடம். விதிப்படி அங்கே வரவே முடியாத கெட்ட காற்றைக் காட்டுகிறது.

மார்ச் 6

சாப்பாட்டு நேரத்தில் தம்பி வந்தார். தங்கையின் கணவர், சென்சார்களை மாட்டுவதும் பராமரிப்பதும் அவர் வேலை.

“அக்கா, ஏழு பொய் சொல்லல. மூணு தடவ மாத்திப் பாத்துட்டேன். அங்க நின்னா பிடரில காத்து படுது.”

“அங்க சுவர்தானே இருக்கு? வரைபடத்தப் பாருங்க. சுவத்துலேர்ந்து காத்து முளைக்குமா தம்பி?”

“வரைபடம் போட்டவருக்கு மறந்திருக்கலாம்ல?”

சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் 11

ஏழாம் நம்பரை மாடலிலிருந்து எடுத்துவிட்டேன். பிழை பாதியாகக் குறைந்தது. திரை முழுக்கப் பச்சை. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 19

தம்பி போய்விட்டார்.

மார்ச் 22

எழுதினால்தான் மூச்சு விட முடியும் போலிருக்கிறது.

காலை பத்தே முக்கால். ஏழாம் நம்பர் சுவரைப் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறார். போகுமுன் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். பச்சைதான் என்று சொல்லியிருக்கிறார்கள். எதுவும் வெடிக்கவில்லை, இடியவில்லை. பிராணவாயு இல்லாத காற்று — வாசனைகூடக் கிடையாது. உட்கார்ந்த வாக்கில் இருந்தாராம். இடுப்பில் மாட்டியிருந்த, காற்றை அளக்கும் மீட்டர் கத்திக்கொண்டே இருந்ததாம்.

தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள். “நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?”

பாத்துக்கிட்டுதான்டி இருந்தேன். பச்சையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஏப்ரல் 2

வேலைக்குத் திரும்பினேன். ஏழாம் நம்பரை யாரும் கழற்றவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கேட்க ஆள் இல்லாதபோதும்.

ஜன்னல் இல்லாத அறை. ஏசியையும் அணைத்தாயிற்று. பிடரியில் காற்று படுகிறது. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான்.

ஏப்ரல் 5

இன்றும்.

ஏப்ரல் 9

ஏழாம் நம்பரைத் திரும்பச் சேர்த்தேன். சமன்பாட்டில் புதிதாக ஒன்று போட்டேன்: எங்கிருந்தோ காற்று வரலாம், எங்கே என்று நீயே கண்டுபிடி. மார்ச் 11 வரை வந்த அளவுகளை மட்டும் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஓடியது. ஏழுக்கு நான்கு மீட்டர் தள்ளி, சுவருக்குப் பின்னால், ஒரு சிவப்புப் புள்ளி.

விதி பொய் சொல்லவில்லை. அங்கே வழி இல்லை என்று விதிக்குச் சொன்னது நான். எட்டு நாள் இருந்ததே — ஏன் செய்யல? நாப்பது நிமிஷ வேல!

ஏப்ரல் 10

மேலாளரிடம் காட்டினேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“விசாரணைக் குழு, சென்சார் பழுதுன்னு முடிக்கப் போறாங்க. நீங்க எதுக்கு நடுவுல?”

“சென்சார் பழுதுன்னா பழி அவர் மேல விழும் சார். பராமரிப்பு அவருதானே.”

“போனவருக்கு என்னம்மா பழி?”

ஏப்ரல் 14

விசாரணையில் சொல்லிவிட்டேன். சென்சார் சரியாகத்தான் சொன்னது, எடுத்தது நான். எழுதியும் கொடுத்தேன். 

அங்கிருந்து நேரே தங்கை வீடு. துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது முழுவதையும் கேட்டாள்.

“அவரு உன்கிட்ட முன்னாடியே சொன்னாரா?”

“சொன்னாரு.”

“நீ?”

“சிரிச்சேன்.”

மடித்து வைத்த சட்டையை — அவர் சட்டை — எடுத்து உதறி, மறுபடி மடித்தாள். “போயிடுக்கா.”

மே 20

ஏழாம் நம்பர் சுவரில் துளையிட்டுப் பார்த்தார்கள். பின்னால் பழைய சுரங்கப் பாதை ஒன்று, எப்போதோ கைவிட்டது. கான்கிரீட் போட்டு அடைத்தாயிற்று. மேலாளரை மாற்றிவிட்டார்கள். என்னை மாற்றவில்லை. அது மன்னிப்பா தண்டனையா, தெரியவில்லை. தங்கை போனை எடுப்பதில்லை.

ஜூலை 3

காலையில் மூன்றாம் நம்பரின் அளவு திடீரென்று ஏறியது. மாடல் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பியின் இடத்துக்கு வந்திருப்பவர் போனில் கூப்பிட்டார். “மேடம், சென்சார் கோளாறா இருக்கும்னு தோணுது. வேலை நடக்கட்டுமா?”

“முதல்ல எல்லாரையும் மேல கூட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

சங்கு ஊதியது. வந்தார்கள். பார்த்தால் சென்சார் கோளாறேதான். அரை நாள் வேலை பாழ். புது மேலாளர் என்னை வறுத்தெடுத்தார். கேட்டுக்கொண்டேன்.

மாலையில் போன். தங்கை. சங்கு ஊருக்கே கேட்டிருக்கும்.

“எத்தன பேரு உள்ள இருந்தாங்க?”

“இருபத்திரெண்டு.”

“எல்லாரும் வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க.”

வேறு எதுவும் கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை. அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.