ஊமை மடிக்கணினியும் குப்பை வாரமும்

அல்வர்ஸ்டன், டாஸ்மேனியா
மார்ச் 9

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

அப்பா நலம். இது யாரும் எழுதித் தந்ததல்ல. ஒற்றை விரலால் நானே தட்டியது. இரண்டு வரிக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆகிறது. எழுபத்தாறு வயதில் தலைகால் புரியவில்லை எனக்கு.

நூலகத்தில் வேலை பார்க்கும் நோலீன், படிக்கத் தெரியாத எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தர வைத்திருக்கும் கணினி நிரலை, முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அவளும் மாற்றினாள். பாடத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் போய், காலமெல்லாம் ஆட்டுக்கு முடி வெட்டிய எனக்காகக் கிடா, கம்பளி, கத்தரி எல்லாம் வந்தன. சரியாக வாசித்தால் அவள் குரலிலேயே, "பரவால்ல கிழவா, மண்டையில ஏதோ இருக்கு" என்கிறது.

என் பழைய கணினி படுத்துவிட்டதும் நீ பெர்த்திலிருந்து புதிது அனுப்பினாய். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் செய்தவன் முத்திரை இல்லாத எதையும் அது உள்ளே விடாது. அந்தப் பூட்டைக் கழற்றவே நோலீனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கழற்றி நிரலை ஏற்றினால், சத்தம் வரவில்லை. சத்தம் எழுப்பும் பாகத்தை எப்படி வேலை வாங்குவது என்பதை அந்தக் கம்பெனி வெளியே சொல்வதில்லையாம். "அதுக்கு வாய் இருக்கு க்ளெம். நம்மகிட்ட பேசக்கூடாதுன்னு சத்தியம் வாங்கி அனுப்பிருக்கான்" என்றாள். பழைய கணினிகளில் இந்தத் தொல்லை குறைவு, புதிது வர வர இப்படித்தான் என்று சலித்துக்கொண்டாள். குரல் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. பாதிப் பாடத்தில் நின்றுபோனேன்.

அப்போதுதான் குப்பை வாரம் வந்தது. நகராட்சி வண்டி அள்ளிப்போகட்டும் என்று தெருவெல்லாம் வேண்டாத சாமான்களை வாசல் புல்லில் வைத்திருந்தார்கள். புல்லில் கிடப்பது கண்டெடுத்தவனுக்கு. நம் ஊர் நியாயம் உனக்குத் தெரியும். அடுத்த வீட்டு டெஸ்மண்ட் வாசலில் உடைந்த நாற்காலிமேல் பதின்மூன்று வயது மடிக்கணினி ஒன்று உட்கார்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். நோலீன் அன்றே அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு நிரலை ஏற்றினாள். அது என்னைக் கிழவா என்று கூப்பிட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சாயங்காலம் டெஸ்மண்ட் கதவைத் தட்டினான். கார்ச் சாவியைத் தேட அரை நிமிடம் அதை அங்கே வைத்தானாம். "ஏண்டா, நாற்காலிதானே குப்பை? நான் அதுல உக்காந்திருந்தா என்னையும் தூக்கிட்டுப் போயிருப்பியா?" என்றான்.

"நீ வேலை செய்யுறியான்னு முதல்ல பாத்திருப்பேன்" என்றேன்.

அதில் சீட்டாட்டம் தவிர வேறொன்றும் இருந்ததில்லையாம். இப்போது அதுவும் இல்லை.

ரோவீனா, நீ அனுப்பியது டெஸ்மண்டிடம் இருக்கிறது. ஈடாகக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு.

உன் கடிதங்களை அம்மாதான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவள் போனபிறகு வந்த பதினொன்றையும் யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல வெட்கப்பட்டு, பிரிக்காமலே வைத்திருந்தேன். இந்த வாரம் நாலு முடித்தேன்.

கோபம் என்றால் தொலைபேசியில் திட்டாதே, மகளே. எழுதித் திட்டு. எனக்காகப் பெரிய எழுத்தெல்லாம் வேண்டாம். நீ எப்போதும் எழுதுவது போலவே, நீளமாக.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
க்ளெம்