வலது பக்கத் திரை

ஜூன் 3, திங்கள்

ஹால் ஜன்னலுக்குத் திரை போடுவது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் இவர். கடை கடையாக ஏறி இறங்கப் போவது நான்.

வீடு கட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் அந்த ஜன்னல் மொட்டையாகத்தான் இருந்தது. எஞ்சினியர் ஆசைப்பட்டுப் போட்டது அது. சுவரை விட்டு இரண்டடி வெளியே தள்ளி, மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே உட்கார ஒரு மேடை. "பே விண்டோ மேடம், மாடம்பாக்கத்துலயே உங்க வீட்ல மட்டும்தான்" என்றார். இடது கண்ணாடியில் தெருமுனை தெரியும். நடுக் கண்ணாடியில் மேற்கு வெயில் வரும். வலது கண்ணாடியில் தயாளன் மாமா வீட்டுச் சமையலறை தெரியும்.

மாமா, இவருடைய ஒரே அண்ணன். பாகம் பிரித்த மனையில் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

நேற்று படப்பையில் ஒரு காதுகுத்து. பந்தியில் யாரோ விவரம் தெரியாமல் இரண்டு பேரையும் அடுத்தடுத்த இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாம்பார் வாளி வருவதற்குள் மாமா இலையை அப்படியே விட்டு எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வீடு திரும்பி வண்டியை நிறுத்திய பிறகு இவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்தப் பக்கத்த மூடிடு. காலைல எழுந்தா அந்த வூட்டு மூஞ்சில முழிக்க வேண்டிகீது."

பேங்கில் இருபத்தாறு வருடம் வேலை பார்க்கிறவர். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

மகள் ஓவியாவிடம் காரணம் வெயில் என்று சொல்லியிருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் அந்த மேடையில் உட்கார்ந்துதான் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். நம்பினாளா தெரியவில்லை.

ஜூன் 8, சனி

கோவிலம்பாக்கத்தில் திரைக்கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் பாய் வந்து அளவெடுத்தார். நடுவில் ஐந்தடி, பக்கங்கள் இரண்டரை இரண்டரை, உயரம் ஆறு. டேப்பை மூலையில் மடித்து மடித்து மூன்று முறை அளந்தார்.

"அக்கா, ரெண்டு வழி இருக்கு. துணின்னா கம்பிய வளைச்சு மாட்டணும், முழுசா மூடிடும். ப்ளைண்ட்ஸ்னா கண்ணாடிக்கு ஒண்ணா மூணு. பாக்க நீட்டா இருக்கும், ஆனா மூலைல ரெண்டு விரக்கடை சந்து விழும். அது வழியா வெளிச்சம் வரும்."

"ப்ளைண்ட்ஸே போடுங்க பாய்" என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டு விரல் போதும். காலை ஆறரைக்கு அந்தச் சமையலறையில் விளக்கு எரியும். மாமாவின் மனைவி கிளியம்மாள் அக்கா டிகாஷனை ஊற்றிவிட்டு டம்ளரை ஜன்னல் கட்டையில் ஆற வைப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பாலை அடுப்பில் வைப்பேன். கை அசைப்பதில்லை, சிரிப்பதில்லை. நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

இவர் ப்ளைண்ட்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். சந்து விழுமாம்.

ஜூன் 12, புதன்

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

சண்டைக்குக் காரணம் கிரகப்பிரவேசப் பத்திரிகை. 'தங்கள் வருகையை விரும்பும்' என்பதற்குக் கீழே மாமனார் பெயர், அதற்கடுத்து மூத்தவர் பெயர், அப்புறம்தான் எங்கள் பெயர் வர வேண்டும். இவர் திருத்திக் கொடுத்த முதல் ப்ரூஃபில் அப்படித்தான் இருந்தது. பிறகு சாப்பாட்டு நேரத்தைச் சேர்க்கச் சொன்னோம். பிரஸ்காரர் இடம் பண்ணுவதற்காக வரிகளை நெருக்கியதில் ஒரு வரி போய்விட்டது. மாமாவும் அக்காவும் இருந்த வரி.

அந்த இரண்டாவது ப்ரூஃப் வந்தது என் போனுக்கு. ஸ்கூல் ஆபீஸில் அட்மிஷன் கூட்டம். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலைப் போட்டு அனுப்பிவிட்டேன். மார்க் ஷீட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்கு அங்கே பெயர்!

நானூறு பத்திரிகை. முதலாவது சாமிக்கு, இரண்டாவது மாமாவுக்கு. மாமா படித்தார், மடித்தார், டிவி மேல் வைத்தார். மறுநாள் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார். பிரஸ்காரன் தப்பு என்றார் இவர். "பிரஸ்காரனாடா உன் கூடப் பொறந்தான்? நீ பாக்கல?" என்றார் மாமா. நல்லபடியாகத் திருத்திக் கொடுத்தவருக்கு ரோஷம் வராதா? "ஒரு பேருக்கு இவ்ளோ பேஜாரா?" என்று கத்திவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான். மூத்த மருமகள் இல்லாமலே இந்த வீட்டில் பால் பொங்கியது.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனில் இருந்த அந்த மெசேஜையும் அழித்துவிட்டேன். எவ்வளவு கேவலம்.

ஜூன் 22, சனி

பாய் கடைக்குப் போனேன். சாம்பிள் புத்தகங்கள் எட்டு. சந்தனக் கலர் அழுக்காகும் என்றேன். சாம்பல் கலர் ஆஸ்பத்திரி போல இருக்கிறது என்றேன். பூப்போட்டதைப் பார்த்து இது கல்யாண மண்டபமா என்று கேட்டேன். பாய் பொறுமைசாலி, இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

புதுத் துணி வாசனை ஒரு மணி நேரம் மூக்கிலேயே இருந்தது. இந்தக் குடும்பத்தில் புதுத் துணி எது வந்தாலும் முதலில் அக்கா கைக்குப் போகும். மூத்த மருமகள் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் உடுத்துவது. பட்டுப்புடவையோ குற்றாலத் துண்டோ, கணக்கு ஒன்றுதான். இவருக்குப் பன்னிரண்டு வயதில் அக்கா இந்தக் குடும்பத்துக்கு வந்தவர். இவர் பேங்கில் சேர்ந்த நாள் போட்டுப்போன சட்டைக் காலரில்கூட உள்பக்கம் மஞ்சள் இருந்ததாம், இவரே சொல்லியிருக்கிறார். இரண்டு தீபாவளியாக நானேதான் வைத்துக்கொள்கிறேன். ஓவியா, "ஏம்மா உன் பொட்டு மட்டும் வழியுது?" என்கிறாள்.

ஒன்றும் எடுக்காமல் திரும்பினேன்.

ஜூன் 30, ஞாயிறு

"துணி எடுத்தியா?"

"பாக்கறேங்க."

ஜூலை 7, ஞாயிறு

என் திட்டம் இது: பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. அதுவரை இழுத்துவிட்டால், ஆடியில் புதிதாக எதுவும் மாட்ட வேண்டாம் என்று சொல்லி ஆவணி வரை தள்ளலாம். ஆவணிக்குள் ஏதாவது நடக்காதா.

ஜூலை 10, புதன்

திட்டம் பணால். பேங்கிலிருந்து வரும் வழியில் இவரே கடைக்குப் போய், அடர்நீல பிளாக்அவுட் துணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கண்ணாடிக்கு இரண்டு, மொத்தம் ஆறு திரை. "ஊசி முனை வெளிச்சம்கூட வராதாம்" என்று பெருமையாகச் சொன்னார். ஆடிக்கு முன்னால் தைத்துக் கொடுத்துவிடுவார்களாம்.

அடர்நீலம். நன்றாகத்தான் இருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

மதியம் பாய் போன் பண்ணினார். துணியை ஆட்டோவில் அனுப்பிவிட்டாராம், குப்புராஜ் இல்லத்தில் ஒரு அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாராம், கம்பி மாட்ட எப்போது வரட்டும் என்று கேட்டார்.

நான் ஸ்கூலில் இருந்தேன். ஓவியா ஆபீஸில். வீடு பூட்டியிருந்தது.

இரண்டு வீட்டுக்கும் பெயர் குப்புராஜ் இல்லம்தான். அப்பா பெயர் எனக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் வீம்பு, ஒரே மாதிரி கிரானைட்டில் ஒரே எழுத்து. நாங்கள் 14, அவர்கள் 14ஏ. வழக்கமாக கேஸ் புக்கும் கொரியரும்தான் மாறிப் போகும். அக்கா அதை எங்கள் கேட்டில் செருகிவிட்டுப் போவார், நானும் அப்படித்தான் செய்வேன். இன்று போய்ச் சேர்ந்தது இது. அவர் முகத்தை மறைப்பதற்கென்றே தைத்த துணி!

பில்லில் வேறு பாய் எழுதியிருப்பார், வலப்பக்கம் முழு மறைப்பு என்று. அவர் எல்லாவற்றையும் எழுதுகிறவர்.

சாயங்காலம் முழுக்க வலது கண்ணாடிப் பக்கம் போகவில்லை. இவரிடம், துணி இன்னும் வரவில்லை என்றேன். பொய் சொல்வது பழகிவிட்டது எனக்கு.

ஜூலை 17, புதன். ஆடி 1

காலையில் கேட்டுக்கு உள்ளே மூட்டை இருந்தது. கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருந்தார்கள். பாய் போடும் முடிச்சு இல்லை. பில் மேலேயே இருந்தது. பாய் அதை எழுதித்தான் இருந்தார்.

ஹாலில் பிரித்தேன். முதல் திரையின் கீழ் மூலையில், உள்பக்கம், சின்னதாக மஞ்சள். இரண்டாவதை எடுத்தேன். அதிலும் இருந்தது. ஆறிலும் இருந்தது. வழியாமல், உருண்டையாக, அக்கா வைக்கிற மாதிரியே.

மேடையில் உட்கார்ந்து அழுதேன். ஸ்கூலுக்கு லீவு சொன்னேன். இந்தப் பொம்பளைக்குக் கோபமே வராதா? வந்து ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். நான் என்ன பண்ணுவேன் இப்போ?

இவர் குளித்துவிட்டு வந்தார். திரையைக் கையில் எடுத்தார். மஞ்சளைப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தொட்டார்.

"நீ வெச்சதா?"

"எனக்கு இப்படி வராது."

மடிப்பு கலையாமல் திருப்பி வைத்துவிட்டு பேங்குக்குக் கிளம்பினார். டிபன் பாக்ஸை மறந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். இரண்டாவது ப்ரூஃப், என் போன், கட்டைவிரல், அழித்த மெசேஜ். இரண்டு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்தது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது எனக்குத் தெரியும்டி."

"எப்படிக்கா?"

"என் கொழுந்தன எனக்கு தெரியாதா? தினகரன் ஒரு எழுத்த நாலு தபா படிக்கிறவன். அண்ணன் பேர வுட்டுட்டு வருவானா? நீதான் இஸ்கூல்ல கீற அவசரத்துல பாக்காம வுட்டிருப்ப."

"அப்ப மாமாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? நீ வருவன்னு பாத்துகினு இருந்தேன். தெனம் ஜன்னலாண்ட வந்து நிக்கிற. படி எறங்கி வர்றதுக்கு உனக்கு ரெண்டு வருஷமா?"

பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. மாமா என் பக்கம் திரும்பவில்லை. "அதுக்கு காப்பி குடு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

காப்பியில் சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

ஜூலை 18, வியாழன்

இவரிடமும் சொல்லிவிட்டேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், இன்று காலைதான் வார்த்தை வந்தது.

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். "ரெண்டு வருஷம்" என்றார். மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

ஜூலை 19, வெள்ளி

பேச்சு இல்லை. தட்டை அவரே கழுவி வைத்தார்.

ஜூலை 20, சனி

இன்றும் இல்லை. ஓவியா நடுவில் உட்கார்ந்து, "உப்பு வேணுமான்னு அப்பாகிட்ட கேளு, ஊறுகா வேணுமான்னு அம்மாகிட்ட கேளுன்னு எல்லாம் என்னை விடாதீங்க" என்றாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்டமாட்டார். நான் செய்தது அந்த மாதிரி.

ஜூலை 21, ஞாயிறு

பாய் கம்பியோடு வந்தார். ஆடியாச்சே, ஆவணியில் மாட்டலாமா என்று கேட்டேன். பாய் இவரைப் பார்த்தார். "துணிக்கு மஞ்சள் வெச்சாச்சு. மாட்டுங்க" என்றார் இவர். மூன்று நாளில் நான் கேட்ட முதல் பேச்சு, அதுவும் பாயிடம்.

ஏணியை இவரே பிடித்துக்கொண்டார். கம்பி இரண்டு மூலையிலும் அழகாக வளைந்து உட்கார்ந்தது. ஆறு திரையும் ஏறியதும் ஹால் மத்தியான வேளையில் இருட்டிவிட்டது. ஊசி முனை வெளிச்சம் இல்லை, சொன்னபடிதான்.

"பாய், வலது பக்கம் மட்டும் தனியா நகருமா?"

"நகரும் சார். கண்ணாடிக்குக் கண்ணாடி தனி. ஏன் சார், முழு மறைப்புதானே கேட்டீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

பிறகு, திரையை ஒதுக்கிக் கட்டுவதற்கு ஒரு கொக்கி வலது சுவரில் அடிக்கச் சொன்னார். அங்கே ஒன்று மட்டும். பாய் அடித்துவிட்டுப் போனார்.

என்னிடம் இன்னும் பேசவில்லை.

ஜூலை 22, திங்கள்

எனக்கு விழிப்பு வந்தபோது இவர் ஹாலில் இருந்தார். ஆறரை இருக்கும். நடுத் திரை மூடியிருந்தது, இடதும் மூடியிருந்தது. வலது பக்கத்தை ஒதுக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அண்ணி எழுந்தாச்சு. பால வை."