திருப்பி அனுப்பிய வேர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
5 மே 1938

தூத்துக்குடியில் இருக்கும் அண்ணன் கிறிஸ்துராஜ் அவர்களுக்குத் தங்கை பரிபூரணம் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. இதுநாள்வரை உங்களை நான் 'நீங்கள்' என்று அழைத்ததில்லை. இன்று அப்படி எழுதுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் சின்னவள் கிருபையின் கல்யாணம் ஏன் நின்றது என்று தந்தியில் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குப் பாதி தெரியும். மீதியை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அடுப்படியில் என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தீர்கள். சடாமாஞ்சில் வேர், மனக்கொதிப்புக்கும் தூக்கம் வராததற்கும் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுப்பது என்றீர்கள். அது பொய் இல்லை, நானும் படித்திருக்கிறேன். தேயிலையோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, வாடை தெரியாமலிருக்கச் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டு அப்பாவுக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். அவரிடம் சொல்லாமலா என்று தயங்கினேன். அப்போது நீங்கள் சொன்னது: "இது அப்பமே கெடைச்சிருந்தா, புதுப்பட்டிக்காரர் நம்ம வாசல்ல இருந்து திரும்பிப் போயிருக்க மாட்டாரு, பூரணம்."

என்னைப் பெண் கேட்டு வந்த அவரைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை. எங்கே தொட்டால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்து தொட்டீர்கள். மறுநாளே வேரை அப்பாவின் தேயிலையோடு கொதிக்கவைத்தேன்.

பென்ஷன் வாங்கிய பிறகும் வகுப்பறைக் குரலை இறக்கிவைக்காதவர் அப்பா. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு முற்றத்தில் கிடக்கும். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் குடை பறந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கோபம் தை மாதத்தில் தணிந்தது. மாசியில் உப்பே இல்லாத கஞ்சியையும் பேசாமல் குடித்தார். "அவிய இப்பந்தான் மனுசரா இருக்காவ" என்று அம்மா பக்கத்து வீட்டுச் செல்லக்கனியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் உங்கள் முதலாளி சத்தியநேசன் தன் அக்கா ரோசம்மாளோடு ராஜபாளையத்திலிருந்து கிருபையைப் பெண் கேட்டு மோட்டாரில் வந்து இறங்கினார். அவருக்கு நாற்பத்தாறு வயது; மனைவியை அடக்கம் செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிருபைக்குப் பதினேழு. அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. "பாரேன் அக்கா, நாற்காலி பறக்கப் போவுது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடைந்துவிடக் கூடாதென்று கண்ணாடி விளக்கை எடுத்து உள்ளே வைத்தாள்.

ரோசம்மாள், "ஐயா, புள்ள எங்களுக்குத்தான்னு வச்சுக்கிடலாமா?" என்று கேட்டார். "வச்சுக்கிடுங்க" என்றார் அப்பா. வாசலில் கிடக்கும் பழைய குடையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். கிருபை சிரிப்பு மாறாத முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

புறப்படும்போது ரோசம்மாள் அடுப்படிக்கு வந்து மூக்கை உறிஞ்சினார். "வாடையே சொல்லுதே, எங்க வேருதான். உங்க அண்ணன் கெட்டிக்காரன், சொன்னபடி பெரியவரப் பக்குவப்படுத்திட்டான். தூத்துக்குடிச் சரக்குக் கிட்டங்கிக்கு அவன்தான் இனி மேனேஜரு" என்றார். பிறகு என் தோளில் கைவைத்து, மிகவும் பிரியமாக, இதையும் சொன்னார்: "தம்பியோட மொத பொஞ்சாதிக்கும் இதைத்தான் ரெண்டு வேளையும் குடுத்தோம். வந்த புதுசுல எம்புட்டு வாயி அவளுக்கு! பொறவு சாகுற வரைக்கும் ஒரு சத்தம் வரல, பாத்துக்கோ."

நம் தங்கையை எந்த வீட்டுக்கு அனுப்பப் பார்த்தீர்கள் என்று புரிகிறதா? உங்களுக்கு இது முன்பே தெரியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரியாது என்று நீங்கள் எழுதினால் நம்ப மாட்டேன்.

அன்று சாயங்காலமே வேரை நிறுத்தினேன். "ஏட்டி, டீ என்ன சப்புன்னு இருக்கு?" என்றார் அப்பா. அந்த ஞாயிறு ஆலயத்தில், மூன்று வாரம் சபைக்கு அறிவிக்கும் கல்யாண ஓலையை முதல் முறை வாசித்தபோது அவர் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கிருபை சாப்பிடுவதையே விட்டிருந்தாள். புதன்கிழமை காலையில் வாசலில் ஒரு சத்தம் கேட்டது. பால்காரர் மாரிசாமியிடம் அப்பா, "ஏலே, மாட்டுல கறந்தியா, கெணத்துல கறந்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. கிருபை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பங்கையும் சொன்னேன், என் பங்கையும் சொன்னேன். நாற்காலி பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்துபோய்த் தன் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

போன ஞாயிறு இரண்டாம் முறை ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று பாதிரி ஐயர் வழக்கம்போலக் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். "தடை இருக்கு! பெத்தவன் சொல்லுதேன்! அன்னைக்குச் சரின்னு சொன்னது நானில்ல, அடுப்புல கெடந்த வேரு!" மணிக்கூண்டுப் புறாக்கள் எழுந்து பறந்தன. சத்தியநேசன் முன்வரிசையிலிருந்து எழுந்து பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். வெளியே ரோசம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து, "ஏட்டி, நீ குடுக்கலையா?" என்று கேட்டது அம்மாவின் காதில் விழுந்தது. அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் சொன்னது கடிதத்தில் எழுதத் தகுந்ததல்ல.

உங்கள் மேனேஜர் வேலை என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. கிருபை சாப்பிடுகிறாள். தட்டு மறுபடி முற்றத்துக்குப் போகிறது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வருகிறார். அப்பா இப்போது தன் தேநீரைத் தானே போட்டுக்கொள்கிறார். என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

வேரின்மேல் எனக்குக் கோபமில்லை. தூக்கம் வரவில்லை என்று செல்லக்கனி கேட்டு வாங்கிப்போனாள், நன்றாகத் தூங்குகிறாள். மீதியைத் துணியில் கட்டி இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குத் தேவைப்படும். திங்கட்கிழமை ரயிலில் அப்பா தூத்துக்குடிக்கு வருகிறார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிருபை புதுக் குடை வாங்கி வைத்திருக்கிறாள்.

அவர் வந்து சேருமுன் வேரைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொள்ளுங்கள். சுக்கும் கருப்பட்டியும் போட வேண்டாம், வாடை தெரியட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் கத்தி ஓய்ந்த பிறகு ஒரு தம்ளர் தேநீர் கொடுங்கள். அவர் கண் முன்னாலேயே போடுங்கள். பிள்ளை கையால் வாங்கிக் குடித்தாரா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கர்த்தர் உங்களுக்கும் சமாதானம் தருவாராக.

தங்கை
பரிபூரணம்