வெள்ளை மாடி வீட்டின் கதவைச் சாத்தச் சொல்ல வேண்டாம்

அனுப்புநர்:
ச. அன்புச்செல்வி,
க/பெ. சகாயராஜ்,
வடக்கு வரிசை, ஏரிக்கோடித் தொகுப்பு வீடுகள்,
திண்டிவனம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: ஏரிக்கோடித் தொகுப்பு வீடுகளில் நடைபெறும் குளிர்கூரைச் சோதனை – வெள்ளை பூசிய வீடுகளுக்குள் எதிர்வரிசையினர் பகலில் நுழையக் கூடாது என்ற நிபந்தனையைத் தளர்த்தவும், திருமதி கெங்கம்மாள் வீட்டைச் சோதனையிலிருந்து விலக்காதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு குளிர்கூரைத் திட்டத்தை எதிர்த்து எழுதப்படுவதல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். அதனால் என் குடும்பத்துக்குக் கிடைத்த நன்மையை என்னைவிட அறிந்தவர் எங்கள் தெருவில் இல்லை. அதை ஏன் எங்களிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பதுதான் என் முறையீடு.

1. எங்கள் தெருவில் வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உள்ளன. இடையில் ஒரு லோடு ஆட்டோ போகலாம், அவ்வளவுதான். எல்லாம் ஒரே அறை கொண்ட, தளம் போட்ட வீடுகள். சித்திரை பிறந்தால் மாடி தோசைக்கல்லாகக் காயும். மின்விசிறி அந்த அனலையே எடுத்து நம் மேல் வீசும். மின்சாரம் செலவழிக்காமல் வீட்டைக் குளிர்விக்கும் வழிகளை ஆராயும் நிறுவனம் ஒன்று, ஊர் முழுவதற்கும் கொண்டுபோகும் முன் சோதித்துப் பார்க்கச் சென்ற ஆண்டு எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்தது. தெற்கு வரிசை மாடிகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். வடக்கு வரிசைக்கு ஒன்றும் இல்லை. வெப்பம் அளக்கும் சிறு பெட்டியை மட்டும் இரு வரிசையிலும் எல்லா வீட்டுச் சுவரிலும் மாட்டினார்கள்.

ஒரு வரிசையை அப்படியே விட்டால்தான் வித்தியாசம் தெரியும் என்று பொறியாளர் செல்வி ஹஸீனா விளக்கினார். சோதனை வெற்றி பெற்றால் எங்கள் வரிசைக்கும், பிறகு மற்ற தெருக்களுக்கும் பூசுவதாகச் சொன்னார். பொறுமையான பெண். நாங்கள் கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொன்னவர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் வீடு வடக்கு வரிசையில் வந்தது என் நேரம் என்று எடுத்துக்கொண்டேன்.

2. என் கணவர் சகாயராஜ் மண்டியில் மூட்டை தூக்கியவர். லாரி மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதில் மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்தப் பகுதியில் வேர்வையும் வராது. வெயில் ஏறினால் நமக்கு வேர்த்து உடம்பு தணியும். அவருக்கு உள்ளேயே நின்றுவிடும். கோடையில் காய்ச்சலாகவே கிடப்பார், சில நாள் பேச்சு குழறும். அவரை வெப்பத்தில் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று அரசு மருத்துவமனையில் எச்சரித்து அனுப்பினார்கள். மருத்துவரின் சான்றை இணைத்துள்ளேன். ஈரத்துணி போட்டு விசிறுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

3. பூச்சு அடித்த பிறகு வந்த முதல் கடும் வெயிலில், நேர் எதிரே தெற்கு வரிசையில் இருக்கும் கெங்கம்மாள் என் வாசலுக்கு வந்தார். கணவரை இழந்தவர், தனியாக இருக்கிறார். “தம்பிய இங்க ஏன் போட்டு வேக வச்சிக்கினு இருக்க? எங்க வூடு கொஞ்சம் தேவலயா கீது, தூக்கினு வா” என்றார். நான் தயங்கி நிற்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கட்டிலோடு தூக்கவைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் என் கணவர் தூங்கினார், ஐயா. விபத்துக்குப் பிறகு வெயில் காலத்துப் பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் மூச்சு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

4. ஒருவர் போனால் மற்றவர் சும்மா இருப்பாரா? விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் பெண்கள் முறத்தோடு வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் வந்து தூளி கட்டினார்கள். வடக்கு வரிசையே பகலில் தெற்கு வரிசைக்குக் குடிபெயர்ந்தது என்று சொல்லலாம். மாடிக்கும் வேலை வந்தது. வெள்ளையாக, மண் ஒட்டாமல் அத்தனை சுத்தமான தரை கிடைத்தால் யார் விடுவார்கள்? கூலியாகக் கிடைத்த பச்சை மல்லாட்டையை எல்லாரும் அதன் மேல் பரப்பிக் காயவைத்தோம். அந்தக் கோடை எங்களுக்குத் திருவிழாப் போலத்தான் இருந்தது.

5. முடிவு வந்தபோது, பூசிய வீட்டுக்கும் பூசாத வீட்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று அறிக்கை சொன்னது. செல்வி ஹஸீனா நம்ப முடியாமல் ஒரு நடுப்பகலில் தாமே நேரில் வந்தார். கெங்கம்மாள் வீட்டில் என் கணவர் கட்டிலில், சுற்றிலும் நாங்கள், கதவு விரியத் திறந்தபடி. எதிரே எங்கள் வீடுகளில் அடுப்பு எரியவில்லை, ஆளும் இல்லை. மாடி ஏறிப் பார்த்தால் வெள்ளையே தெரியவில்லை, எல்லாம் மல்லாட்டை. பெட்டி என்ன செய்யும்? ஆள் நிறைந்த வீட்டையும் காலி வீட்டையும் அளந்து, கண்டதைச் சொல்லியிருக்கிறது. அவர் படியில் உட்கார்ந்து முதலில் சிரித்தார், பிறகு அழாக்குறையாக, “அக்கா, எப்பவும் போல இருங்கன்னு தானே சொன்னேன்” என்றார்.

எப்பவும் போலத்தான் இருந்தோம், ஐயா. தண்ணீர் லாரி வராத நாளில் யார் வீட்டுத் தொட்டியில் இருக்கிறதோ அங்கே எல்லாரும் குடம் வைப்போம். எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே போய் உட்காருவோம். அது சோதனையைக் கெடுக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறைக்கவும் இல்லை, பகலில் எங்கே இருக்கிறீர்கள் என்று எவரும் கேட்கவும் இல்லை.

6. இப்போது வரும் ஏப்ரல் மாதம் மீண்டும் சோதிக்கப்போகிறார்கள். மாடியில் எதையும் காயவைக்கக் கூடாது என்கிறார்கள். அது சரி, ஒப்புக்கொண்டோம். கூடவே, பகலில் எதிர்வரிசையினர் எவரையும் உள்ளே விட மாட்டேன் என்று தெற்கு வரிசையினர் எழுதித் தர வேண்டுமாம். எல்லாரும் மனசில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். கெங்கம்மாள் மட்டும் மறுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “எதிர்வூட்ல ஒரு மனுசன் துடிச்சிக்கினு கெடப்பான், நான் கதவ சாத்திக்கினு ஜில்லுனு உக்காந்துக்கினு இருக்கணுமா? அதுக்கு உங்க சுண்ணாம்ப நீங்களே சொரண்டி எடுத்துக்கினு போங்க!”

அதனால் அவர் வீட்டைச் சோதனையிலிருந்து விலக்குவதாகத் தெரிவித்துள்ளனர். சென்ற ஆண்டுப் பூச்சு மழையிலும் நெடுஞ்சாலைப் புழுதியிலும் மங்கிவிட்டது. மறுபூச்சு இல்லையென்றால் அந்த வீடும் இந்தக் கோடையில் எங்கள் வீடு போல ஆகிவிடும்.

7. நிறுவனத்தார் பக்க நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் முறையும் கணக்கு தவறினால் திட்டம் இத்தோடு நின்றுவிடும். ரயில் பாதையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் குழந்தைகளோடு இருப்பவர்களுக்கு இது எட்டாமலே போகும். என் கணவர் ஒருவருக்காக அத்தனை பேர் வெந்துகொண்டிருக்க வேண்டுமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் இதையும் யோசிக்க வேண்டுகிறேன்: ஆட்கள் வாழும் தெருவில் இது பயன்படுமா என்று பார்க்கத்தானே இங்கே வந்தார்கள்? எங்களை விட்டுவிட்டு வீட்டை மட்டும் அளப்பதென்றால் ஆளில்லாத வீட்டிலேயே அளந்திருக்கலாம். அனல் தாங்காமல் ஒரு வரிசையே எழுந்து எதிர்வரிசைக்குப் போனது என்றால், அந்தப் பூச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி இல்லையா? அறிக்கையில் அதற்கு ஒரு வரி கூட இல்லை என்பது என் வருத்தம்.

எனவே தாங்கள் கருணை கூர்ந்து,

அ) வடக்கு வரிசையில் எங்கள் வீட்டுக்கு மட்டுமாவது இப்போதே வெள்ளைப் பூச்சு அடிக்க ஆவன செய்ய வேண்டும். ஒப்பிடுவதற்கு வேறு வீடுகள் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டாலும் சம்மதம்.

ஆ) அது இயலாதென்றால், நோயாளிகளும் கைக்குழந்தைகளும் பகலில் எதிர்வரிசை வீடுகளில் இருக்க அனுமதித்து, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்து அளக்கச் சொல்ல வேண்டும்.

இ) இரண்டும் முடியாது என்றால், கெங்கம்மாள் வீட்டை மட்டுமாவது விலக்க வேண்டாம். ஆள் வந்து போன வீடு என்று குறித்துக்கொண்டு அதற்கும் மறுபூச்சு அடிக்க வேண்டும். எங்களுக்குக் கதவு திறந்ததற்காக அந்த அம்மாள் வேகக் கூடாது.

விதியை மீறிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை; ஆகவே முன்கூட்டியே தெரிவிக்கிறேன். தங்கள் உத்தரவு கைக்கு வரும் வரை, வெயில் ஏறியதும் என் கணவரைக் கட்டிலோடு தெருவைக் கடந்து கெங்கம்மாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுதான் போவோம். அது தவறென்றால் தண்டனையை என் பெயருக்கு எழுதுங்கள்.

நாள்: 16.03.2026
இடம்: திண்டிவனம்

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
ச. அன்புச்செல்வி