மாலைக்கென்று ஓர் ஆணி

மச்சான்,

பிரிக்பீல்ட்ஸில் நம்மவர் சங்கத்தின் செயற்குழு இரண்டு முறை கூடி, தேநீர் இடைவேளையையும் துறந்து விவாதித்து, ஒரு பெரும் முடிவை ஏகமனதாக எடுத்தது. உன் படத்தைச் சுவரில் மாட்ட ஓர் ஆணி அடிப்பது. மாலைக்கென்று அதற்கு மேலே இன்னோர் ஆணி அடிப்பது. மாலையை மட்டும் இப்போதைக்குப் போடாமல் விடுவது.

படம், நீ பிரான்ஸ் போர்முனையிலிருந்து என் தங்கைக்கு அனுப்பியது. இரவல் வாங்கிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வார்னிஷ் மணம் போகாத மண்டபத்தில் நின்று பார்த்தேன். கிள்ளான் ஆறு பெருகிய வருஷம், ரயில்வே குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, வெள்ளம் எதுவரை வந்திருக்கிறது என்று எங்களுக்குக் கத்திச் சொன்னாயே, அதே முகம். கீழே பெரியவர்கள் வெள்ள நிவாரணக் குழு அமைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து என் காதில் சொன்னாய்: "எங்கடை ஆக்கள் வீடு பத்தி எரிஞ்சாலும் தலைவரைத் தெரிவு செய்துபோட்டுத்தான் வாளி தேடுவினம்."

என் தங்கையைக் கட்டிய கையோடு பொறியியல் படிக்க லண்டன் போனாய். யுத்தம் வந்ததும் விமானப்படையில் சேரக் கேட்டாய். முதலில் உன் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்றார்கள். பிறகு, வெள்ளை வாலிபர்கள் வேகமாகக் குறையவே, நீ அவ்வளவு கறுப்பில்லை என்று கண்டுபிடித்தார்கள். "மேலே ஒரே குளிர், மச்சான். பிரிக்பீல்ட்ஸ் வெயிலைப் போத்தலிலை அடைச்சு அனுப்பு" என்று எழுதினாய். நான் பதில் எழுதுமுன் தந்தி வந்தது. சண்டைக்குப் போன விமானம் திரும்பவில்லை, உன்னைக் காணவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கோப்புகளுக்குத்தான் வைத்திருந்தோம்.

உடல் கிடைக்காதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், பிறகுதான் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைக்கலாம் என்றார் கோயில் ஐயர். அதுவரை என் தங்கை சுமங்கலி. கல்யாணங்களுக்கு அவளை அழைத்தார்கள். ஆராத்தித் தட்டு மட்டும் அவள் கைக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். இப்படி நாலு வருஷம்.

படத்தைத் திறந்துவைக்க ஒரு வெள்ளைக்காரத் துரை வர இசைந்ததும்தான் சிக்கல் வந்தது.

"மாலை போட்டால் பெடியன் செத்தது எண்டாகும். சாஸ்திரத்துக்கு ஒவ்வாது" என்றார் தலைவர். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் அல்லவா, விதிகளை மீறமாட்டார்.

"போடாட்டி, ஆரோ நாடகக்காரன்ரை படம் எண்டு துரை நினைப்பார்" என்றார் செயலாளர்.

இரண்டாவது ஆணி பிறந்தது அப்படித்தான். கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வராதையும். பொட்டோடை வந்தால் துரை குழம்புவார். பொட்டில்லாமல் வந்தால் நாங்கள் குழம்புவம்."

வீட்டில் அதைச் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"பன்னிரண்டு வருஷம் எண்டு ஐயர் சொன்னவர், அண்ணை. நாலுதான் போயிருக்கு. மிச்சம் என்ரை. அவரின்ரை படம் திறக்கிற இடத்துக்கு நான் வராமல் ஆர் வாறது?"

கூறைச்சேலை உடுத்தி, பொட்டு வைத்து, முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மறுபக்கம் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் காற்றோட்டம் தேடி எழுந்து போனார்கள்.

துரை திரையை விலக்கினார். செயலாளர் அவர் காதில் எதையோ சொன்னார். துரை என் தங்கையின் பக்கம் திரும்பித் தலை குனிந்து, இந்த வீரனின் விதவைக்கு அரசாங்கத்தின் அனுதாபம் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். மண்டபம் கைதட்டியது. கைதட்டல் ஓயுமுன் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மல்லிகை மாலை வந்து இரண்டாவது ஆணியில் ஏறியது. வாடாமல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

"ஐயா, பன்னிரண்டு வருஷம்?" என்று தலைவரைக் கேட்டேன்.

"துரையே சொல்லிப்போட்டார், தம்பி. இனி நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?"

எனக்குத் துரைமேல் அதிகம் கோபமில்லை, மச்சான். அவருக்கு நம் வழக்கம் தெரியாது. அனுதாபம் சொல்லத்தான் வந்தார். வழக்கம் தெரிந்தவர்கள் கைதட்டினார்களே, அதுதான் ஆறவில்லை. நாலு வருஷம் அவள் நெற்றியைச் சாஸ்திரத்தின் பெயரால் காவல் காத்தவர்கள், சாஸ்திரத்துக்கு மேலே ஒரு மேலதிகாரி உண்டென்று ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார்கள். வானத்தில் உன்னைச் சுட்டவன் முகம் எனக்குத் தெரியாது. பூமியில் உன்னைக் கொன்று முடித்தவர்களுக்குத் தினமும் காலை வணக்கம் சொல்கிறேன்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது அவள் அழவில்லை. "இன்னும் எட்டு வருஷம் இருக்கு, அண்ணை" என்றாள். அந்த எட்டு வருஷத்தை இப்போது நானும் அவளோடு சுமக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் கோயிலுக்குப் போனாள். ஐயர் திருநீறு கொடுத்தார். குங்குமத் தட்டை அடுத்து நின்ற பெண்ணிடம் கொண்டுபோனார்.